சோறு தங்கிவிட்டது, பாட்டு தங்கிவிட்டது, மொழி? - லூசியானாவின் ஒரு சின்ன ஊர்

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் சுற்றுலாப் பட்டியல் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். நயாகரா, கிராண்ட் கேன்யன், ஆர்லாண்டோ, லாஸ் வேகாஸ். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நியூயார்க், வாஷிங்டன், போகிற வழியில் பிட்ஸ்பர்க் வெங்கடாசலபதி கோயில். இந்தப் பட்டியலில் தென் மாநிலங்களின் சின்ன ஊர்கள் வருவதே இல்லை. கார் ஓட்டிக்கொண்டு போகும்போது கேஸ் போடவும் கால் நீட்டவும் நிறுத்தும் இடங்கள், அவ்வளவுதான். அங்கேயும் சீக்கிரம் கிளம்பிவிட வேண்டும் என்ற ஒரு பதற்றம் இருக்கும். "அந்தப் பக்கம் ஆளுங்க எப்படி இருப்பாங்களோ?" என்ற கேள்வியை நாம் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் மனதில் இல்லாமலும் இல்லை.

கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் தெற்கு லூசியானாவின் லஃபாயெட் நகரத்தில் சில ஐடி நிறுவனங்கள் அலுவலகம் திறந்தன. அப்படி வேலைக்காக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவன் நான். ஹூஸ்டனில் இருக்கும் நண்பர்கள் இன்றைக்கும், "மச்சி, அங்க என்னடா இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை. பதிலின் கடைசிப் பகுதி கொஞ்சம் சங்கடமானது. அதற்கு முன் சாப்பாடு, கடை, கொண்டாட்டம் எல்லாம் இருக்கிறது, பொறுமையாக வாருங்கள்.

பாலத்தால் பேர் வாங்கிய ஊர்

லஃபாயெட்டிலிருந்து கிழக்கே பத்து மைல் போனால் ப்ரோ பிரிட்ஜ். ஐ-10 நெடுஞ்சாலையில் 109ஆம் எக்ஸிட். ஹூஸ்டனிலிருந்து மூன்றரை மணி நேரம், நியூ ஆர்லியன்ஸிலிருந்து இரண்டு மணி நேரம். மக்கள் தொகை சுமார் 7,500. பெயரைப் பார்த்துவிட்டு நம் பையன்கள் 'ப்ரோ' என்று கூப்பிடும் ப்ரோ என்று நினைத்துவிடுவார்கள். இது ஒரு குடும்பப் பெயர். 1799இல் ஃபிர்மின் ப்ரோ என்பவர், தன் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் கடந்து போவதற்காக டெஷ் என்ற நீரோடையின் குறுக்கே கயிறும் பலகையும் கொண்டு ஒரு நடைபாலம் கட்டினார். 'ப்ரோ வீட்டுப் பாலம்' என்று வழி சொல்லிச் சொல்லியே அந்த இடத்துக்கு அது பெயராகிவிட்டது. 1829இல் ஸ்கோலாஸ்டிக் பிகூ ப்ரோ என்ற கணவரை இழந்த பெண், தன் நிலத்தை மனைகளாகப் பிரித்து, தெருக்கள் குறித்து, ஊருக்கு வரைபடம் போட்டு விற்கத் தொடங்கினார். நம்மூரில் எத்தனையோ நகர்கள் பிறந்த கதைதான்.

டவுன்டவுன் என்று சொல்வதெல்லாம் பிரிட்ஜ் ஸ்ட்ரீட்டும் அதைச் சுற்றி நாலைந்து தெருக்களும். வரிசையாகப் பழம்பொருள் கடைகள். பழைய கதவுகள், சைப்ரஸ் மர அலமாரிகள், தாத்தா காலத்துக் காபி அரைக்கும் மெஷின், யார் வீட்டு மாதா சிலையோ. ஒரு பொருளின் விலையைக் கேட்டால் கடைக்காரம்மா முதலில் கதையைச் சொல்வார், பிறகுதான் விலை. கையில் எதுவும் வாங்காமல் வெளியே வந்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஏதாவது வாங்கினால், பில் போட்ட பிறகு ஒரு சின்னப் பொருளையோ, பெக்கன் மிட்டாய் ஒன்றையோ பையில் போட்டுக் கொடுப்பது உண்டு. அதற்கு இங்கே 'லான்யாப்' என்று பெயர். எனக்கு இந்தச் சொல்லை ஒருவர் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். தமிழில் ஒரே வார்த்தை, 'கொசுறு'. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் இல்லாத கொசுறு, அவ்வளவுதான் வித்தியாசம்.

"உங்க ஆளுங்க யாரு?"

இந்தப் பக்கத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி, "உங்க அம்மா யாரு? உங்க ஆளுங்க யாரு?" என்பது. "நீ யார் வீட்டுப் பிள்ளைப்பா?" என்று தஞ்சாவூர்ப் பக்கத்து டீக்கடையில் கேட்பார்களே, அதே தொனி. குடும்பப் பெயரைச் சொன்னதும், "ஓ, அந்தப் பாலத்துக்குப் பக்கத்துல இருந்தாங்களே அவங்களா?" என்று உறவுமுறையை இழுத்துப் பிடித்துவிடுவார்கள்.

இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு "நீ எந்த ஊர்?" என்ற கேள்வி பிடிக்காது என்று எனக்குத் தெரியும். "நான் நியூ ஜெர்ஸி" என்று சொன்னால், "இல்ல, நிஜமா எந்த ஊர்?" என்று திருப்பிக் கேட்டுக் கேட்டே அவர்களை வெறுப்பேற்றி வைத்திருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இந்த ஊரில் அந்தக் கேள்வி நம் தோலைப் பார்த்து மட்டும் வருவதில்லை. பக்கத்து ஊரிலிருந்து வரும் வெள்ளைக்காரருக்கும் அதே கேள்விதான். நான் கும்பகோணத்துப் பக்கம் என்று சொன்னால், அடுத்த கேள்வி, "அங்க என்ன விளையும்?" என்பது. "நெல்" என்று சொன்னதும் முகம் மாறிவிடும். "எங்க அப்பாவும் நெல்லுதான் போட்டார்" என்பார். அதற்கப்புறம் அரை மணி நேரம் நகர முடியாது.

எல்லாரும் இப்படியா என்றால், இல்லை. முறைத்துப் பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, இங்கேயும் உண்டு. தெற்கத்திய வரலாற்றில் இருக்கும் நிறவெறியை மறைத்துவிட்டு இந்த ஊரைப் புகழ முடியாது. இந்த நிலத்தின் கரும்புத் தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பில் எழுந்தவை. நாம் இன்று ரசிக்கும் உணவிலும் இசையிலும் பாதிக்கு மேல் அவர்களின் கைப்பக்குவம்தான்.

சோறும் குழம்பும்

அமெரிக்காவின் பெரும்பகுதியில் மதியச் சாப்பாடு என்றால் ரொட்டிக்கு நடுவில் எதையாவது வைத்துக் கொடுப்பது. இங்கே சோறு. 'பிளேட் லஞ்ச்' என்று கடைகளில் எழுதியிருக்கும். உள்ளே போனால் ஒரு கரண்டி சோறு, அதன்மேல் குழம்பு, பக்கத்தில் இரண்டு காய், ஒரு பன். அந்த உணவின் பெயரே 'ரைஸ் அண்ட் கிரேவி'. இறைச்சியை அடிபிடிக்கும் அளவுக்கு வறுத்து, வெங்காயம் போட்டு, தண்ணீர் விட்டு மணிக்கணக்கில் வேகவைத்த குழம்பு. வெண்டைக்காயை எண்ணெயில் நீண்ட நேரம் வதக்கி, தக்காளி சேர்த்துச் செய்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் பாட்டி வீடு. வெண்டைக்காயின் ஆப்பிரிக்கப் பெயரிலிருந்துதான் 'கம்போ' என்ற புகழ்பெற்ற சூப்பின் பெயரே வந்தது என்கிறார்கள். மாவை எண்ணெயில் சாக்லேட் நிறம் வரும்வரை கிளறிக்கொண்டே இருந்து அதில் கம்போ கூட்டுவார்கள். அடுப்பை விட்டு ஒரு நிமிடம் நகர்ந்தால் கருகிவிடும். அல்வா கிளறிய கைக்குத் தெரியும் அந்த வேதனை.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "இதில் இறைச்சி இருக்கிறதா?" என்று கேட்டால், "இல்லை, கொஞ்சம் ஹாம் மட்டும் வாசனைக்கு" என்று அன்பாகச் சொல்வார்கள். பீன்ஸ், கீரை எதுவாக இருந்தாலும் பன்றிக்கறித் துண்டு உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அசைவக்காரர்களுக்கு வேறு எச்சரிக்கை. 'பூடான்' என்று சோறும் பன்றிக்கறியும் ஈரலும் அரைத்து அடைத்த ஒரு சமாசாரம் இருக்கிறது. அதன் நல்ல வகையைத் தேடி ஓட்டலுக்குப் போகாதீர்கள், கேஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். கேஸ் போட்டுவிட்டு, ஒரு பூடான் வாங்கி, கார் பானட்டில் சாய்ந்தபடி சாப்பிடுவதுதான் முறை.

ஆனால் இந்த ஊரின் அடையாளம் கிராஃபிஷ். சிங்கி இறாலைக் குட்டியாக்கி, நம் ஆற்றங்கரைச் சேற்றில் விட்டது போல ஒரு பிராணி. லூசியானா சட்டமன்றம் 1959இல் ப்ரோ பிரிட்ஜை 'உலகின் கிராஃபிஷ் தலைநகரம்' என்று அறிவித்தது. டெல்டாக்காரனான எனக்கு இதில் பிடித்த விஷயம், கிராஃபிஷும் நெல்லும் சேர்ந்து வாழ்வது. கோடையில் வயலில் நெல் நிற்கும். கிராஃபிஷ் சேற்றுக்குள் வளை தோண்டிப் பதுங்கிவிடும், நம் வரப்பில் வயல் நண்டு செய்வது போல. ஆகஸ்ட் வாக்கில் அறுவடை முடிந்து, அக்டோபரில் மறுபடி தண்ணீர் கட்டுவார்கள். தண்ணீர் ஏறியதும் குஞ்சுகளோடு வெளியே வரும். மிச்சமிருக்கும் தாளை ஒட்டி வளரும் உயிர்களைத் தின்று கொழுக்கும். பிறகு கம்பி வலைப் பொறிகளில் இரை வைத்து, தட்டையான படகில் வயல் வயலாகப் போய் எடுப்பார்கள். ஒரே நிலம், ஒரே தண்ணீர், இரண்டு விளைச்சல்.

சீசன் ஜனவரி வாக்கில் சூடுபிடித்து மே, ஜூன் வரை போகும். தண்ணீர் பொய்த்தால் எல்லாம் பொய்க்கும். 2023 கோடையில் இங்கே கடும் வறட்சியும் வெயிலும். மண் வெடித்து, வளைக்குள் இருந்த கிராஃபிஷ் செத்துப்போயின. 2024இன் தொடக்கத்தில் விலை எகிறி, சாமானியர்கள் வாங்கவே யோசித்தார்கள். மாநில கவர்னர் பேரிடர் அறிவிப்பே வெளியிட்டார். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத் தினமும் பேப்பரில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கவலையைப் புரியவைக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாக்கெட்டில் வரும் உரித்த கிராஃபிஷ் வாலை உரிப்பவர்களில் பெரும்பாலானோர் மெக்ஸிகோவிலிருந்து எச்-2பி என்ற பருவகால விசாவில் வரும் பெண்கள். சில மாதம் வேலை, பிறகு ஊர் திரும்ப வேண்டும். முதலாளியோடு பிணைக்கப்பட்ட விசா என்றால் என்னவென்று எச்-1பி தாளோடு தூக்கம் கெட்டவர்களுக்குத் தெரியும். நமக்கும் அவர்களுக்கும் நடுவில் இருப்பது ஓர் எண் மட்டுமல்ல, சம்பளமும் குளிர்சாதன அறையும்கூட. ஆனாலும் ஒரே வரிசையில் நிற்பவர்கள்தான்.

கிராஃபிஷ் சாப்பிடும் முறையே தனி. பெரிய அண்டாவில் உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சை, பூண்டு, சோளம், உருளைக்கிழங்கு எல்லாம் போட்டு வேகவைத்து, மேஜைமீது செய்தித்தாள் விரித்து அப்படியே கொட்டிவிடுவார்கள். தட்டு கிடையாது, கரண்டி கிடையாது. சுற்றி நின்று கையால் வாலைத் திருகி, உரித்து, தலையை உறிஞ்சிச் சாப்பிட வேண்டும். கையால் சாப்பிடுவதை அலுவலகத்தில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூச்சப்படும் நம்மாட்கள் இங்கே ஒருமுறை வர வேண்டும். முழங்கைவரை சாறு வழிய நிற்கும் வக்கீலையும் டாக்டரையும் பார்க்கலாம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடக் கூடாது. கடல், ஆற்று உணவுக்குத் தடையில்லை. எனவே விரத நாளன்று கிராஃபிஷ் கடையில் வரிசை தெருவரை நிற்கும். புரட்டாசி மாதத்தில் 'முட்டை பரவாயில்லை' என்று சமாளிக்கும் வீடுகள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

காலை எட்டு மணிக்கு நடனம்

சனிக்கிழமை காலை பக் அண்ட் ஜானிஸ் என்ற உணவகத்தில் 'ஜைடெகோ பிரேக்ஃபஸ்ட்' நடக்கும். ஜைடெகோ என்பது இந்தப் பகுதிக் கறுப்பினக் கிரியோல் மக்களின் இசை. பிரெஞ்சில் பீன்ஸைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அக்கார்டியன் ஒரு பக்கம். மறுபக்கம் துணி துவைக்கும் தகரப் பலகையைச் சட்டை போல மார்பில் மாட்டிக்கொண்டு கரண்டியால் உரசுவார் ஒருவர். அந்தத் 'தகரச் சட்டை' 1946இல் கிளிஃப்டன் ஷெனியே யோசனை சொல்லி, ஓர் உலோகத் தொழிலாளி செய்து கொடுத்தது. 1925இல் பக்கத்து ஊரான ஓபலூசஸில் பிறந்த ஷெனியேதான் இந்த இசையின் மன்னர். 1984இல் கிராமி விருது வாங்கினார்.

காலை எட்டு மணிக்கே மேஜைகளுக்கு நடுவில் ஆடிக்கொண்டிருப்பார்கள். எழுபது வயதுப் பாட்டி, எட்டு வயதுப் பையன், வேலை முடித்து நேராக வந்த எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளி. மேடையில் ஆடுபவர், கீழே கைதட்டுபவர் என்ற பிரிவே இல்லை. நம் சங்க விழாக்களில் குழந்தைகள் ஆட, பெற்றோர் ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிப் பிடித்து, பின்னால் இருப்பவருக்கு மறைத்துக்கொண்டு நிற்கும் காட்சியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மே மாதத்தின் முதல் வார இறுதியில் பார்க் ஹார்டி என்ற பூங்காவில் மூன்று நாள் கிராஃபிஷ் திருவிழா. 1959இல் ஊரின் நூற்றாண்டு விழா கொண்டாடியதைத் தொடர்ந்து உருவான விழா இது. கிராஃபிஷ் ஓட்டப்பந்தயம் உண்டு, ஆமாம், கிராஃபிஷ்தான் ஓடும். யார் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்ற போட்டி உண்டு. எட்டுஃபே சமையல் போட்டி உண்டு. கிராஃபிஷை வெங்காயம், செலரி, குடைமிளகாயோடு வெண்ணெயில் கூட்டிச் சோற்றில் ஊற்றும் குழம்பு அது, 1920களில் எங்கள் ஊர் ஓட்டலில் பிறந்தது என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். விழாவுக்குப் போனால் ஊருக்குத் தெற்கே லேக் மார்ட்டினையும் பார்த்துவிடுங்கள். வசந்தத்தில் கொக்கும் நாரையும் மரம் கொள்ளாமல் கூடு கட்டியிருக்கும். வேடந்தாங்கல்தான், முதலைகளோடு.

விழாவில் கேட்காத மொழி

இவ்வளவும் சொன்னேன். சோறு இருக்கிறது, குழம்பு இருக்கிறது, பாட்டு, ஆட்டம், விழா எல்லாம் இருக்கிறது. ஒன்றை மட்டும் தேட வேண்டியிருக்கிறது, மொழியை.

இந்த மண்ணின் கேஜன் மக்கள் இடம்பெயர்ந்து வந்தவர்கள். இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாப் பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு மொழியினரை, 1755 முதல் பிரிட்டிஷார் வீடுகளைக் கொளுத்தி, கப்பலேற்றி, குடும்பங்களைப் பிரித்து விரட்டினார்கள். அலைந்து திரிந்தவர்களில் ஒரு பகுதியினர் 1760களில் இந்தச் சதுப்பு நிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். லஃபாயெட்டைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் 1990இல் தொடங்கி விடாமல் முயன்றதன் விளைவாக, 2003இல் பிரிட்டிஷ் அரசியின் பெயரில் அந்தக் கொடுமையை ஒப்புக்கொள்ளும் பிரகடனம் வந்தது. கிட்டத்தட்ட 250 வருடம் கழித்து. ஈழத்திலிருந்து இடம்பெயர்ந்த வாசகர்களுக்கு இந்தப் பத்தியை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்படி விரட்டப்பட்டும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் மொழியைக் காப்பாற்றியவர்கள் இவர்கள். ப்ரோ பிரிட்ஜ் இருக்கும் செயின்ட் மார்ட்டின் வட்டாரத்தில் இன்னொரு மொழியும் உண்டு. அடிமைகளிடையே பிறந்து, கறுப்பர் வெள்ளையர் இரு தரப்பிலும் பேசப்பட்ட லூசியானா கிரியோல், 'கூரி-வினி' என்பார்கள். பிறகு 1921இல் வந்த மாநில அரசியல் சட்டம், பள்ளியில் ஆங்கிலம் மட்டுமே என்றது. வீட்டில் பிரெஞ்சு மட்டுமே பேசிய ஆறு வயதுக் குழந்தை, பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் வகுப்பில் நனைந்து நின்ற கதைகள் இங்கே பல குடும்பங்களில் உண்டு. பிரெஞ்சு பேசியதற்கு அடி, முட்டிபோடுதல், 'பள்ளியில் பிரெஞ்சு பேச மாட்டேன்' என்று நூறு முறை எழுதும் தண்டனை.

ஒரு சனிக்கிழமை அந்த உணவக வரிசையில் எனக்கு முன்னால் நின்றவருக்கு எழுபதுக்கு மேல் வயதிருக்கும். மகளிடம் நான் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு, என்ன மொழி என்று விசாரித்தார். பிறகு சொன்னார்: "எங்க அப்பா அம்மா தங்களுக்குள்ள பிரெஞ்சுலதான் பேசுவாங்க. எங்ககிட்ட மட்டும் இங்கிலீஷ். ஸ்கூல்ல அடி வாங்கினது அவங்க. பிள்ளைங்க வாங்க வேண்டாம்னு நினைச்சாங்க. பாசத்துலதான் செஞ்சாங்க." கொஞ்சம் நிறுத்தி, "எங்களுக்குத் தெரியக் கூடாத விஷயம்னா பிரெஞ்சு. அதனால அது ரகசியம் பேசற பாஷைன்னே ரொம்ப நாள் நினைச்சிருந்தேன்" என்று சிரித்தார். உள்ளே போனதும் அவர் ஆடினார். பாட்டுக்கு வாயும் அசைத்தார். எல்லாப் பாட்டும் மனப்பாடம். அர்த்தம் பாதிதான் தெரியும் என்று அவரே சொன்னார்.

அவர்கள் வீட்டில் நடந்ததற்கு ஒரு சட்டமும் பிரம்பும் காரணம். நம் வீட்டில்? நம் பிள்ளைகளைத் தமிழ் பேசியதற்காக எந்த டீச்சரும் முட்டிபோட வைப்பதில்லை. தமிழில் பேசினால் இங்கிலீஷ் உச்சரிப்பு கெட்டுவிடும் என்று நாமே பயப்படுகிறோம், அல்லது ஆபீஸ் முடிந்து வந்த களைப்பில் எது சீக்கிரம் வேலை முடிக்குமோ அந்த மொழியில் பேசிவிடுகிறோம். குழந்தைக்குப் புரியக் கூடாதென்றால் மட்டும் தமிழ். ப்ரோ பிரிட்ஜில் அரை நூற்றாண்டு முன்பு நடந்ததும் அதேதான்.

ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு 6 மில்லியன் டாலர் திரட்டிய சமூகம் நாம். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் லூசியானாவிலும் அரசு அமைப்பு இல்லாமல் இல்லை. பிரெஞ்சை மீட்பதற்காக 1968இலேயே கோடோஃபில் என்ற மாநில அமைப்பு தொடங்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் வேலை செய்கிறது. பயன் இருக்கிறது. ஆனால் பாட்டியிடமிருந்து பேத்திக்குச் சமையலறையில் போக வேண்டிய ஒன்றை, அரசாங்கம் எழுபது வருடம் கழித்து வகுப்பறையில் வைத்துக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கும் இந்த மாநிலமே சாட்சி.

இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சொல்லப்போனால், இங்கே நம்பிக்கை தருபவர்கள் அந்த வயதினர்தான். பல பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் இமர்ஷன் வகுப்புகள் லஃபாயெட் அரசுப் பள்ளிகளில் இருக்கின்றன. 2023இல் மாநிலத்தின் தென்கோடியில், பாயிண்ட்-ஓ-ஷியென் என்ற பழங்குடி மக்கள் வாழும் இடத்தில், பிரெஞ்சு அரசுப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. கோடை விடுமுறையில் நோவா ஸ்கோஷியாவுக்கே போய், தங்கள் முன்னோர் விரட்டப்பட்ட மண்ணில் தங்கிப் பிரெஞ்சு படித்துவிட்டு வரும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கூரி-வினி மொழிக்கு எழுத்துமுறை அமைத்து இணையத்தில் பாடம் நடத்துகிறார்கள். இருபத்தைந்து வயதில் தொடங்கினாலும் வரும். 'எனக்குத் தமிழ் வராது' என்று கூச்சத்தோடு சொல்லும் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும். உடைந்த தமிழில் பேசும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் மாமா அத்தைகளும் கவனிக்க வேண்டும். இங்கே பலர் பிரெஞ்சைக் கைவிட்டதற்கு, 'உன் பிரெஞ்சு சரியான பிரெஞ்சு இல்லை' என்ற கேலியும் ஒரு காரணம்.

இந்த ஊரைப் பார்த்து எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒரு மொழி மேடையில் வாழாது, வேலை இருக்கும் இடத்தில்தான் வாழும். சாப்பாட்டு வரிசையில், கடைக் கல்லாவில், 'இன்னும் கொஞ்சம் போடுங்க' என்று கேட்கும் இடத்தில். இங்கே சில கடை வாசல்களில் 'இங்கே பிரெஞ்சு பேசப்படும்' என்று பலகை வைத்திருப்பதன் காரணமும் அதுதான். நம் பொங்கல் விழாக்களில் திருக்குறள் போட்டி நடக்கிறது, நடக்கட்டும். ஆனால் போட்டி முடிந்து கீழே இறங்கியதும் அந்தக் குழந்தை தோசைக் கவுன்டரில் எந்த மொழியில் தோசை கேட்கிறது?

எனவே சங்க நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை, பெரிய செலவில்லாதது. வரும் பொங்கலுக்கு உணவுக் கவுன்டரில் ஒரு பலகை வையுங்கள். தமிழில் கேட்பவர்களுக்கு, எவ்வளவு தட்டுத்தடுமாறிக் கேட்டாலும், ஒரு மெதுவடை கொசுறு. வரிசை கொஞ்சம் மெதுவாக நகரும். பின்னால் நிற்பவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.